புரவி வரும் தடம்

கல்லல் பக்கம் எங்கள் ஊர். அய்யனார் கோயில் புரவியெடுப்புக்கு மண் குதிரைகளைத் தோளில் சுமந்து வெறுங்காலில் போவார்கள். அந்தத் தடத்தில் மண்டிய புல்லையும் கருவேலங்கன்றுகளையும் வெட்டும் பொறுப்பு இந்த வருஷம் எனக்கு. டிராக்டரின் பின்னால் புல்வெட்டியை மாட்டி, பந்தயக் காரை ஓட்டுகிறவன் மிதப்பில் கியரைக் கூட்டி விரட்டினேன். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தடத்தில் நடந்து பார்த்தாள். நாலடி போவதற்குள் "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டாள். அரைகுறையாக வெட்டுப்பட்ட கருவேலங்கட்டையின் சிராய் உள்ளங்காலில் ஏறியிருந்தது.

பதற்றத்தில் தண்ணீர் என்று நினைத்து, காயத்தில் ரசத்தை ஊற்றினேன்.

"அய்யோ, எரியுது! ரசத்தையா ஊத்துறீக?" என்று கத்தியவள், சிராயைத் தானே பிடுங்கினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நாளைக்கு என் தம்பி புரவியத் தூக்கிக்கிட்டு இங்குட்டுத்தான் வருவான். குனிஞ்சு காலைப் பாக்க முடியுமா அவனால?"

அவள் காலைத் துண்டால் கட்டிவிட்டேன்.

மறுபடி டிராக்டரில் ஏறினேன். எஞ்சினை முழுசாக முடுக்கி, வண்டியைக் குறைந்த கியரில் ஊர்ந்து போகவிட்டேன். இப்போது கத்திகள் தரையோடு ஒட்டச் சீராக வெட்டின. முடித்ததும் தடம் முழுவதையும் வெறுங்காலில் நடந்து பார்த்தேன்.

மறுநாள் மச்சினன் புரவியோடு போனான். ஒருமுறைகூடக் கீழே பார்க்கவில்லை. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கால் கூசுகிறது.