துரையின் ஊரும் மாமாவின் வார்டும்

போன வாரம் எங்கள் துரை மலையிலிருந்து இறங்கி வந்தபோது, முகம் மழையில் நனைந்த ஏலக்காய் மூட்டை மாதிரி இருந்தது.

துரை இங்கிலாந்துக்காரர். மேலே ஓர் எஸ்டேட்டில் மேனேஜர். அந்த எஸ்டேட்டுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. நேராக என் தாய்மாமாவின் ஏலக்காய்க் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணன் தோத்து போயி,” என்றார். பாதி மலையாளம், பாதி தமிழ் – அதுதான் அவர் பாஷை. அவருடைய அண்ணன் இங்கிலாந்தில் பார்லிமென்ட் தேர்தலில் நின்றிருந்தார்.

“உங்க கன்சர்வேடிவ் கட்சி ஜெயிச்சிருச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கே தொரை?” என்றார் மாமா.

“நாடு ஜெயிச்சு. எங்க ஊர் தோத்து.”

மாமா தராசை விட்டுவிட்டுத் துரை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். காரணம் இருக்கிறது. முனிசிபல் தேர்தலில் எங்கள் வார்டில் அவர் நிற்கிறார். “ஓட்டுக் கேட்கண்டா, அது தானே வரும். மூணு தலைமுறையா அது எங்க தொகுதி. ஓட்டு நாளில் அண்ணன் மீன் பிடிக்கப் போகும்” என்று துரை முன்பு சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு, ஒரு வீட்டு வாசலிலும் அவர் கைகூப்பவில்லை. வார்டில் பாதிப்பேர் சொந்தம், மீதிப்பேர் அவர் சொல்லி எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள். பிறகென்ன? மீன் பிடிக்க ஆறு பக்கத்தில் இல்லாததால் மத்தியானம் தூங்கினார்.

எப்படித் தோற்றார்கள்? துரை சொன்னதை நான் வரிசைப்படுத்திக்கொண்டேன். ஒன்று – ஊரின் பஞ்சாலைகள் மூடிவிட்டன. இரண்டு – வசதியானவர்கள் லண்டன் பக்கம் தோட்டம் வைத்த வீடுகளுக்குப் போய்விட்டார்கள். இப்போது அந்தத் தொகுதிகள்தான் கட்சிக்குப் பத்திரம். மூன்று – ஆடு மேய்ந்த புல்வெளியில் சர்க்கார் வீடு கட்டியது. குடிவந்தவர்கள் தொழிற்கட்சிக்குப் போட்டார்கள்.

நாற்காலி அங்கேயேதான் இருந்தது. உட்கார வைத்தவர்கள்தான் எழுந்து போய்விட்டார்கள்!

“மில்லு ஏன் தொரை மூடுனாங்க?”

துரை மாமாவின் சட்டையைப் பார்த்தார். “வெளியிலிருந்து விலை குறைஞ்ச துணி வந்து. உங்க இந்தியாத் துணியும் உண்டு.”

மாமா துண்டை எடுத்துச் சட்டையின் மேல் போர்த்திக்கொண்டார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. “மாமா, ஓட்டு என்னைக்கு?”

“வெள்ளிக்கிழம.”

“நம்ம வார்டு ஆளுக இப்ப எங்க இருக்காக?”

வாயைத் திறந்தவர் அப்படியே மலையைப் பார்த்தார்... ஏலக்காய் பறிக்கும் காலம். வார்டே மேலே, எஸ்டேட் கூலிக் குடியிருப்பான லயங்களில் தங்கியிருந்தது. ஜீப் பிடித்து அவர்களை ஏற்றி அனுப்பியது யார்? சாட்சாத் மாமாதான்.

“ஆத்தாடி!”

தராசடியிலிருந்து அத்தை கேட்டாள்: “ஏங்க, மீனு எத்தனை மாட்டுச்சு?”

வெள்ளிக்கிழமை விடியும்போதே ஜீப்புகள் மேலே போயின. ஒன்றைத் துரையே ஓட்டினார். லயத்து வாசல்தோறும் நின்று, இரண்டு கையையும் கூப்பி, “அம்மா, ஓட்டுப் போடான் வாங்கோ! வெரசா வாங்கோ!” என்றார். பெண்கள் சிரித்த சிரிப்பில் ஜீப்பில் ஏறவே நேரமானது. “தொரையே கும்புடுறாரு, வாங்கடி” என்று ஒருத்தி மற்றவர்களை இழுத்துவந்தாள்.

மாமா ஜெயித்தார். மயிரிழையில்தான்.

மூன்று தலைமுறையாக ஓட்டுக் கேட்டே அறியாத துரை குடும்பம், முதன்முதலாகக் கைகூப்பியது எங்கள் போடி மலையில்!

துரை தன் அண்ணனுக்குக் கடிதம் போட்டிருக்கிறாராம் – “தூண்டிலை விற்றுவிட்டு ஒரு ஜீப் வாங்கு.”