பம்பு நின்ற பிறகு

என் வீட்டுக்காரர் பாமாயில் எடுக்கும் செம்பனைப் பழம் வெட்டுபவர். அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வெட்டிய குலை ஒன்று சரிந்து அவர் முதுகில் விழுந்தது. கால்கள் மெல்ல மெல்ல உயிர் பெற்றன. இப்போது கோலூன்றி நடக்கிறார். மூத்திரப்பைக்குப் போகும் நரம்பு மட்டும் தேறவில்லை. பை நிறைந்தாலும் அவருக்குத் தெரியாது. நேரம் பார்த்து நான்தான் மெல்லிய டியூப் செருகி எடுத்துவிடுவேன். அப்போதெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தானே செய்யப் பழகலாம் என்று கிளினிக் தாதி சொன்னபோது, "நரம்புதான் சரியாயிடுமே, எதுக்கு அது?" என்று மறுத்துவிட்டார்.

கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில், நன்றாக இருக்கும் நரம்பிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து மூத்திரப்பை நரம்போடு தைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடந்தது. கொஞ்சமாவது உணர்வு மிச்சம் உள்ளவர்களைத்தான் சேர்ப்பார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். என் தம்பி காரில் கூட்டிப்போனான். இவர் கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"என்னா மச்சான், மாப்புள மாதிரி இருக்கீங்க லா!" என்றான் தம்பி.

"பொண்ணு பாக்கத்தானேடா போறோம். புடிச்சிருக்குன்னு அவங்கதான் சொல்லணும்."

உணர்வு இருக்கிறதா என்று சோதனை செய்தது ஒரு தமிழ் டாக்டர், சின்ன வயதுப் பெண். எனக்குக் கூச்சமாக இருந்தது, திரையோரம் நின்றுகொண்டேன். டியூப் வழியாகப் பம்பு தண்ணீரை உள்ளே ஏற்ற, கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் ஓடின.

"அங்கிள், முட்டுற மாதிரி இருந்தா ஒடனே சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னே சொல்லலாம், தப்பில்ல."

நடுவில் குழாயில் காற்று ஏறியது. டாக்டர் பம்பை நிறுத்திவிட்டுக் குழாயைச் சரிசெய்தார். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவருக்கு அது தெரியவில்லை.

"வருது டாக்டர். இப்ப நல்லாத் தெரியுது" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தூரத்திலிருந்து "அந்த நெர ஆச்சா?" என்று கத்தினால், "ஆச்சு" என்றுதான் எல்லாரும் பதில் கொடுப்பார்கள். அதன்பிறகு ஓடியோடி வெட்டி முடிப்பார்கள். இல்லை என்று சொன்னால் அந்த மர நிரை வேறு ஆளுக்குப் போய்விடும். இத்தனை வருஷம் அப்படிச் சொல்லியே வேலை பார்த்தவர் அவர்.

டாக்டர் பம்பை மறுபடி ஓடவிட்டார். இந்தமுறை மேலே தொங்கிய தண்ணீர்ப் பையில் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. இவர் வாயையே திறக்கவில்லை. "இப்ப எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டபோது, "அதே மாதிரிதான்" என்றார்.

வெளியே டாக்டர் என்னிடம், "ஆன்ட்டி, அவருக்கு உணர்வு இல்ல. இதுல சேத்துக்க முடியாது. நானே சொல்லிடவா?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன். உள்ளே போய்ச் சொன்னார். "பரவால்ல டாக்டர், தேங்க்ஸ்" என்று இவர் சொன்னது எனக்கும் கேட்டது.

தம்பி காரில் திரும்பினோம். ஈஜோக் ஊரைத் தாண்டியதும், "நெஜமாவே தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு" என்றார். நான் "ம்" என்றேன். அது உண்மைதானா என்று அவரை ஒருநாளும் கேட்டதில்லை.

வீடு வந்து படுத்தவருக்குச் செருக நான் டியூப்பைக் கையில் எடுத்ததும், கோலை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"எனக்குச் சொல்லிக் குடு" என்றார்.

முதலில் சோப்பு போட்டுக் கையைக் கழுவ வேண்டும் என்றேன். குழாயடிக்குப் போனார். வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.