அடுத்த பந்திக்கு நின்றவர்கள்

என் அக்கா மலர்க்கொடிக்கு மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை. எச்சில் இலை எடுக்கிற வேலை. முகூர்த்த நாளில் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவாள்.

அங்கே சாப்பிடுகிறவரின் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முன்னவர் எழுந்து பின்னவர் உட்காருவதற்குள் இலை போயிருக்க வேண்டும். மேசையில் விரித்த பேப்பரோடு இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப் எல்லாவற்றையும் ஒரே சுருட்டாகச் சுருட்டி வாளியில் தள்ளிவிடுவாள் அக்கா. ஒரு பருக்கை கீழே விழாது.

புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் மகள் கயல்விழியைச் சிதம்பரத்தில் படிக்க வைத்தாள். கூடப் படித்த பாலகுமாரைக் கயலுக்குப் பிடித்துப்போனது. அவனுடைய அம்மா அம்சவேணி தாலுகா ஆபீசில் இருக்கிறார். பெண்ணின் அம்மாவை ஒருதடவை பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச்சு என்றார் அவர். சிதம்பரத்தில் புதிதாக வந்திருக்கும் சிக்கன் கடையில் பார்ப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். துணைக்கு நானும் போனேன்.

பஸ்ஸில் கயல் மெதுவாக ஆரம்பித்தாள். "ம்மா, நீ மண்டபத்துல சூப்பர்வைசர்னு அவுங்க வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். அங்க வந்து எதையும் எடுக்காத, தொடைக்காத. சும்மா ஒக்காந்திரு."

"ஏண்டி, அந்தக் கடையக் கூட்டிப் பெருக்கவா போறேன்?" என்று அக்கா சிரித்தாள்.

"சித்தி, நீயாவது சொல்லேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். இதிலெல்லாம் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை நிறைய கூட்டம். எங்களுக்குக் கிடைத்த மேசையில் யாரோ தின்றுபோட்ட எலும்பும் சாஸ் வழிந்த காகிதமும் கிடந்தன. துடைக்கச் சொல்லிப் பாலகுமார் போய்க் கேட்டான். "ஆள் வருவாங்க சார்" என்றார்கள். யாரும் வரவில்லை. அம்சவேணி அம்மா ஒரு விரலால் குப்பையை ஓரம் தள்ளிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அம்சவேணி அம்மா மாசாமாசம் வடலூர் வள்ளலார் சபைக்குப் போகிறவர், கறி தொடமாட்டார். அவருக்குச் சொன்ன வெஜ் பர்கரைப் பிரித்தால் உள்ளே கோழி. பாலகுமார் அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றான். அந்த அம்மா வெறும் கோல்டு காபியை வைத்துக்கொண்டு, "பரவால்லங்க, நீங்க சாப்புடுங்க" என்றார். அவர் பட்டினியாக இருக்க எங்களுக்கு எப்படி இறங்கும்? கயல் மட்டும் கொறித்தாள்.

இதற்குள் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் இரண்டு குடும்பம் கையில் ட்ரேயோடு வந்து நின்றது. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"நிக்கிறாங்கடி" என்றாள் என் காதில்.

"நிக்கட்டும், சும்மா இரு" என்றேன்.

"முடிச்சிட்டீங்களாங்க?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அவ்வளவுதான். அக்காவின் கை வெளியே வந்துவிட்டது. ட்ரேயில் விரித்திருந்த காகிதத்தோடு டப்பா, எலும்பு, டிஷ்யூ எல்லாம் சுருண்டன. அம்சவேணி அம்மா பாதிகூடக் குடிக்காத காபியும் அதோடு போயிற்று. எடுத்த கையோடு மேசையை ஒரு இழுப்பு துடைத்தும் விட்டாள்.

பக்கத்து மேசைப் பெண் இதைப் பார்த்திருக்கிறாள். "அக்கா, இந்த டேபிளயும் கொஞ்சம் க்ளீன் பண்ணிடுங்க."

"இதோ வந்துட்டேம்மா" என்றாள் அக்கா.

சொன்னதோடு போய்த் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டாள். பாதி துடைத்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. ஈர டிஷ்யூவோடு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். கயல் தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். பாலகுமார் இன்னும் வரிசையில்தான் நின்றான். அம்சவேணி அம்மா கோபப்படவில்லை.

"மண்டபத்துல உங்களுக்கு என்ன வேலைங்க?" என்று மட்டும் கேட்டார்.

"எல எடுக்குறேங்க."

"அதுல என்ன இருக்கு? எங்க அண்ணன் பரிமாறப் போறவருதான். சூப்பர்வைசர்னு சொன்னது யாரு? கயலா?"

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அது பொய் சொல்லலங்க. நான்தான் அதுகிட்டயே அப்புடிச் சொல்லி வச்சிருந்தேன். வெக்கமா இருந்துச்சி" என்றாள் அக்கா.

பெற்ற மகளுக்கே அம்மா செய்யும் வேலை தெரியாதாம். யார் நம்புவார்கள்? அம்சவேணி அம்மா கயலையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, நான்தான் சொன்னேன் என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நான்கூடக் காத்திருந்தேன். அவள் மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"சரி" என்று அந்த அம்மா எழுந்தார். "பொண்ணப் பத்தி எனக்குக் கொற இல்ல. தை பொறக்கட்டும், வீட்டுக்கு வரோம். ஆனா ஒன்னுங்க. இனிமே எங்ககிட்ட எதுவா இருந்தாலும் உள்ளதச் சொல்லுங்க."

அக்கா திட்டு வாங்கிய பிள்ளைபோலத் தலையாட்டினாள். நாங்களும் எழுந்தோம். பின்னால் நின்றவர்கள் அதற்குள் எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள்.

கடலூர் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில். ஊர் தாண்டியதும் கயல் தன் அம்மாவின் கையைப் பிடித்துத் தன் மடிக்கு இழுத்தாள்.

அக்கா கையை உருவிக்கொண்டாள்.

"எச்சக் கைடி. கழுவல" என்று சொல்லி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.