கண்ணாடிக்குள் வெயில்

அந்தப் பத்து மாடி வணிக வளாகத்தில் அவரை எல்லோரும் வெயிலண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஏறி இறங்கும் கண்ணாடி லிஃப்டை ஓட்டுகிறவர். காலை எட்டு மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறு வரை ஏற்றமும் இறக்கமும்தான். மூன்று பக்கமும் கண்ணாடி. வெயில் அவர் மடியிலேயே குடியிருக்கும். "என்னண்ணே, இங்கயே துணி காயப் போடலாம் போலிருக்கே?" என்று வருகிறவர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருடமாக அதே கேலி. அவரும் அப்போதுதான் கேட்பதுபோலச் சிரித்து வைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வைட்டமின் டி இல்லையாம்.

ஆறு மாதமாகவே தொடையில் வலு இல்லை. முக்காலியை விட்டு எழுந்திருக்கச் சுவர்க் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. இடுப்பெலும்பில் ஓயாத வலி. மனைவி நச்சரித்து மருத்துவரிடம் இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனையில் குறைந்தது இருபது இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது.

"லேப்ல யாரோட ரத்தத்தையோ பார்த்திருப்பாங்க டாக்டரம்மா. நான் நாள் பூரா வெயில்ல வேகறவன்."

"எந்த வெயில்ல?"

சொன்னார். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணாடி வழியா சூடு வரும், வெளிச்சம் வரும். வைட்டமின் உண்டாக்குற கதிர் மட்டும் உள்ள வராதுங்க. வெயில் நேரடியா தோல்ல படணும்."

பதினோரு வருடம்! யார்மேல் கோபப்படுவதென்றே அவருக்குத் தெரியவில்லை.

வாரத்துக்கு ஒரு மாத்திரை, எட்டு வாரத்துக்கு, சாப்பாட்டோடு. எலும்பும் தசையும் மெல்லத் தேறும் என்றார் மருத்துவர்.

"தினமும் ஒண்ணு போட்டா சீக்கிரம் தேறிடுவாரில்ல?" என்றாள் மனைவி.

"அந்த வேலையே வேண்டாம்மா. அளவு தாண்டினா கிட்னி கெட்டுடும். மதியத்துல இருபது நிமிஷம் வெளிய உட்காரச் சொல்லுங்க, கை கால் வெயில்ல தெரியற மாதிரி. லீவு நாள்ல மட்டும் போதாது."

இருபது நிமிடம் அவருக்குக் குதிரைக்கொம்பு. இடைவேளை நாலு மணிக்குத்தான். அதற்குள் சூரியன் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போதாக்குறைக்கு நிர்வாகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து முக்காலி கிடையாதாம், நின்றுகொண்டேதான் ஓட்டவேண்டுமாம். நிற்க முடியாதவர் வீட்டுக்குப் போகலாம். ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை தருவார்கள்?

சூப்பர்வைசரிடம் போய் நின்றார். "சார், இடைவேளைய பன்னிரண்டு மணிக்கு மாத்திக் குடுங்க. கொஞ்சம் வெயில்ல உட்காரணும்."

சூப்பர்வைசர் அவருடைய வேர்த்த சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "இப்ப எங்க உட்கார்ந்திருக்கீங்க, குளத்துலயா?"

கண்ணாடி, கதிர் என்று தொண்டை வறளச் சொல்லியும் அந்த மனிதர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயிலண்ணனே வெயில் கேட்கிறார் என்று சொல்லிச் சாயங்காலத்துக்குள் பத்து மாடியும் சிரித்து முடித்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு, அவர் மட்டும் இருந்த லிஃப்ட் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மின்விசிறியும் நின்றது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. கீழே தெருவில் ஜனங்கள் வெயிலைத் திட்டிக்கொண்டு நிழல் தேடிப் போனார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணாடியைக் கையால் அறைந்தார். இத்தனை வருடம் தினமும் துடைத்துப் பளபளப்பாக வைத்த கண்ணாடி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அரைமணி நேரம் கழித்து மெக்கானிக் ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்டின் தலைமேல் இறங்கி, கூரை மூடியைத் திறந்தார். மேலே திறந்த வானம். உச்சி வெயில் கண்ணாடி குறுக்கிடாமல் சதுரமாக உள்ளே விழுந்தது.

வெயிலண்ணன் முக்காலியை அந்தச் சதுரத்துக்குள் நகர்த்தினார். சட்டையைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினார்.

"என்னண்ணே பண்றீங்க? ஏணி இறக்கறேன், ஏறி வாங்க."

"இருபது நிமிஷம் கழிச்சு இறக்குங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

காரணத்தையும் சொன்னார். மெக்கானிக் சிரிக்கவில்லை. திறப்பின் மேல் தன் நிழல் விழாதபடி ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.

அவர் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியில் சூப்பர்வைசர் குரல் அலறியது. "ஆளை வெளிய எடுத்தாச்சா?"

மெக்கானிக் குனிந்து பார்த்தார். வெயிலண்ணன் கண்ணை மூடி, இரண்டு முழங்கால்களையும் சூரியனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் இல்ல சார். ரொம்ப வருஷமா மாட்டிக்கிட்டிருக்கார். எடுக்கக் கொஞ்சம் நேரமாகும்."