ஃபிலிம் டப்பா மாத்திரைகள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். முதலாம் ஆண்டுக்காரர்களுக்கு வாரம் ஒரு பீரியடு 'உடல்நல அறிவு' என்று ஒரு பாடம். வேறு யாரும் சீந்தாததால் அதை என் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது தூங்கும் பீரியடு. முன்வரிசையிலேயே ஒருத்தன் டெஸ்கில் தலையைச் சாய்த்து எச்சில் வடித்துக்கொண்டு தூங்குவான். பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் 'செட்டு' மேல்தான். மெடிக்கல் ஷாப்பில் போய் நின்று, ஜுரத்துக்கு ஒரு செட்டு கொடு என்றால் போதும். கடைக்காரர் இந்த அட்டையில் ஒன்று, அந்த அட்டையில் ஒன்று என்று கத்தரித்துக் கவரில் போட்டுத் தருவார். பேர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு போகும். வாங்கினவர் வாய்க்குள் வெறும் கலர்தான் போகும். வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்த்து வாங்குகிற ஜனம், மாத்திரையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கும். சீ என்றிருக்கும். இதைத்தான் வருஷம் முழுக்கத் தொண்டை கிழியச் சொன்னேன்.

பரீட்சையிலும் அதையே கேட்டேன். கைடில் இருந்ததைக் கமா மாறாமல் கக்கி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள்: 'பேர் தெரியாத ஆளை வீட்டுக்குள் விடமாட்டோம். பேர் தெரியாத மாத்திரையை உடம்புக்குள் ஏன் விடவேண்டும்?' ஓரத்தில் சபாஷ் என்று எழுதினேன். வகுப்பில் முதல் மார்க்கும் அவளுக்குத்தான்.

அடுத்த மாதமே ஒரு காலை, ஹாஸ்டலிலிருந்து ஆள் ஓடி வந்தது. போய்ப் பார்த்தால் அதே பெண். முகம் பூரி மாதிரி உப்பி, உதடு தடித்து, மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு ஃபிலிம் ரோல் டப்பா. உள்ளே வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மொட்டை மாத்திரைகள். காய்ச்சலுக்குக் கலருக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறாள்.

கல்லூரி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். திருப்போரூர் ரோடு முழுக்க அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. ஊசி போட்ட பிறகுதான் மூச்சு அடங்கியது. டாக்டரம்மா டப்பாவைக் கொட்டிப் பார்த்தார். எதிலும் ஓர் எழுத்து கிடையாது. இதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று வெறும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை அதே மருந்து உள்ளே போனால் பிழைப்பது கஷ்டம், எப்படியாவது பேரைக் கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"நீதானேம்மா அப்படி எழுதின?" என்று கேட்டேன்.

"இது அப்பா குடுத்தது மேடம்," என்றாள். "அப்பா குடுத்ததுக்குப் போய்ப் பேரு பாப்பாங்களா?"

மத்தியானம் அப்பா வந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் நல்ல உத்தியோகம். லேபிள் ஒட்டாமல் தண்ணீர் பாட்டில்கூட அங்கே மேசை மேல் இருக்காது என்று அவரே ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் பெருமையடித்திருக்கிறார். அப்படிப்பட்ட மனுஷன், செட்டு செட்டாக வாங்கி, மிச்சமிருந்த துண்டு அட்டையையும் கிழித்தெறிந்துவிட்டு, மகளுக்கு டப்பாவில் அடைத்துக் கொடுத்திருக்கிறார். அட்டையோடு வைத்தால் இடத்தை அடைக்குமாம். படித்த படிப்பையெல்லாம் வீட்டு வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டு உள்ளே போவார்கள்போல.

மாத்திரை வாங்கிய கடை அவருக்குப் பழக்கமான கடைதான். ஆஸ்பத்திரிக்கு எதிர் பூத்திலிருந்து போன் போட வைத்து, ரிசீவரை நானே வாங்கிக் கேட்டேன்.

"செட்டு தானம்மா? அன்னிக்கி இன்னா கீதோ அத்தப் போட்டுக் குடுத்திருப்போம். பேரெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிகினு கீறா?" என்றார் கடைக்காரர். குரலில் ஒரு கூச்சமும் இல்லை.

மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருந்த டப்பாவை அப்பா எடுத்து மூடியை அழுத்தினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒண்ணுதான மேடம் ஒத்துக்கல. மத்ததெல்லாம் நல்ல மாத்திரைதானே, வீட்ல யாருக்காவது ஆகும்," என்றார்.

அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பவே இல்லை. வீக்கம் வடியாத கண்ணால் என்னைத்தான் பார்த்தாள்.

"இனிமே நான் எதைப் போடக்கூடாது மேடம்?"

வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியவள் நான். சொல்வதற்கு என்னிடம் ஒரு பேர்கூட இல்லை. அப்பா டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.