ஆவி அடிக்கிற தாங்கிக்கு ஒரு அளவுக் கருவி

கல்முனைப் பக்கம் ஒரு நெல் மில். அங்கே நெல் அவிக்கிற பகுதியில் எனக்கு வேலை. சுடுதண்ணித் தாங்கி ஒன்று. ரெண்டு ஆள் உயரம். நெல்லைக் கொட்டி, சுடுதண்ணி விட்டு ஊற வைப்போம். நெல் தண்ணியைக் குடிக்கும். தண்ணி இறங்கும். நெல்லுக்கு மேலே நாலு விரல் தண்ணி எப்பவும் நிற்க வேணும். இறங்கினால் மேல் நெல் சரியாக ஊறாது. அரிசி நடுவில் வெள்ளை விழும். அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

அதனால் ஏற வேணும். ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கம்பை விட்டுப் பார்க்க வேணும். அரை மணிக்கு ஒரு தரம். ஒன்பது வருசம் ஏறினேன்.

போன பெரும்போக அறுவடையில் ஏணியில் கால் வழுக்கியது. விழவில்லை. மூடியைப் பிடித்தேன். உள்ளங்கை வெந்தது. பொஞ்சாதி கையைப் பார்த்தாள். கத்தவில்லை. அதுதான் பயம்.

"இன்னொரு தரம் அந்த ஏணியில ஏறினா மில்லே வேணாம். மருதமுனையில எங்கட காக்காட தறியில வேல கேட்டுத் தாறன்" என்றாள்.

காக்கா என்றால் அவளுடைய அண்ணன். நல்ல மனுசன். நாள் முழுக்கக் கதைப்பார். எனக்கு அது ஏணியை விடக் கஷ்டம்.

மறுநாள் முதலாளியிடம் போனேன். ஹாஜியார் என்போம்.

"தண்ணி மட்டம் பாக்கக் கருவி பூட்டுங்க ஹாஜியார். இல்லாட்டி நான் வேலைய விட்டு நிண்டுக்குறன்."

அவர் கையைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

கொழும்பிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார். வந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை நாங்கள் நெருப்பு மூட்டுவதில்லை. பாய்லர் ஆறிக் கிடந்தது. தாங்கியில் பச்சைத் தண்ணி.

"பரவாயில்ல, தண்ணி தண்ணிதானே" என்றார் ஹாஜியார். நாங்களும் தலையாட்டினோம்.

சத்தத்தால் அளக்கிற கருவி அது. மூடியில் பூட்டினார். கீழே சத்தம் அனுப்புமாம். நமக்குக் கேட்காதாம். தண்ணியில் பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து மட்டம் சொல்லுமாம். சுவரில் ஒரு சின்னத் திரை. பாய்லர்க்காரன் ஏறிக் கம்பை விட்டுப் பார்த்தான். கம்பும் திரையும் ஒன்று. இறங்கி வந்து கை தட்டினான்.

"மச்சான், இனி நீ குந்தியே சம்பளம் எடுக்கலாம்."

எல்லாரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போனோம். பிறகு ஹாஜியார் வீட்டில் புரியாணி.

சனிக்கிழமை நெருப்பு மூட்டினோம். நெல் கொட்டி, சுடுதண்ணி விட்டோம். திரை நிறைவு என்றது. ஒரு மணித்தியாலம் போனது. நிறைவு. ரெண்டு மணித்தியாலம். நிறைவு. நான் கீழே குந்தி இருந்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

பாய்லர்க்காரன் எட்டித் திரையைப் பார்த்தான். "என்ன மச்சான், உன்ட நெல்லு நோன்பா?"

ஏறினேன். மூடியைத் திறந்தேன். மேல் நெல் தண்ணிக்கு வெளியே ஒரு முழம் கிடந்தது. கருவியின் முகத்தில் ஆவி படிந்து துளி துளியாகத் தொங்கியது. அந்தத் துளியைத்தான் தண்ணி மட்டம் என்று எண்ணியிருக்கிறது. அந்த நெல் கோழித் தீனுக்குப் போனது.

வீட்டில் பொஞ்சாதி என் சேட்டில் உமியைக் கண்டாள். கேட்டாள். "ஏறினேன்" என்றேன். காக்காவுக்கு எடுக்க போனைத் தூக்கினாள்.

"ஒரு கிழம டைம் தா" என்றேன். போனை வைத்தாள்.

நான் இஞ்சினியருக்கு எடுத்தேன். "சேர், எங்கட தண்ணி சுடுது. ஆவி அடிக்குது. உமி மிதக்குது."

"எவ்வளவு சூடு, நானா?" அண்ணன் முறை வைத்து அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார்.

"கை வைக்கேலாது."

"கை வேணாம் நானா, நம்பர் சொல்லுங்க."

போய் வெப்பமானியைப் பார்த்துச் சொன்னேன். "இத நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று விதக் கருவியோடு வந்தார். இந்த முறை பாய்லர் எரிந்தது. கம்பை விட்டு ஒத்துப் பார்க்க ஆள் வேணும். பாய்லர்க்காரன் நெருப்பை விட்டு ஏற முடியாது.

"எனக்கு ஏறத் தடை. நீங்க ஏறுங்க சேர்" என்றேன்.

ஏறினார். மூடியைத் திறந்ததும் அவர் மூக்குக்கண்ணாடி வெள்ளையாகப் போனது.

"சேர், உங்கட கண்ணாடியும் அந்தச் சத்தக் கருவி மாதிரித்தான்" என்றான் பாய்லர்க்காரன். மேலே இருந்தே சிரித்தார்.

மிதவை போட்டார். உமி சிக்கி நின்றுவிட்டது. தாங்கியின் அடியில் தண்ணிப் பாரத்தை அளக்கிற ஒன்றைப் பூட்டினார். மத்தியானத்துக்குள் அதன் வாயை நெல் அழுக்கு அடைத்தது. கடைசியாக ராடார்; அது சத்தத்துக்குப் பதில் ரேடியோ அலை அனுப்பும். ஆவி அதற்கு ஒரு பொருட்டில்லை. சூடு கருவியைத் தொடாமல் இருக்க ஒரு சாண் குழாய்க்கு மேலே வைத்துப் பூட்டினார். ஐந்து தரம் ஏறினார். மேலே அவர் கம்பைப் படிப்பார். கீழே நான் திரையைப் படிப்பேன். அரை விரல் கூட வித்தியாசம் வரவில்லை. சேட்டைப் பிழியலாம் போல் நனைந்திருந்தார்.

ஹாஜியாருக்குச் சந்தோசம். "காஞ்ச நெல்லு கொட்டி வெக்கிற சைலோவுக்கும் இதையே பூட்டுவம். ஒரே சாமான் எண்டா லேசு."

"வேணாம் ஹாஜியார். தாங்கியில எத்தின விரல் எண்டு தெரியணும். சைலோவில நிரம்பிட்டா எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும். அங்க தூசும் கூட. சுத்துற தகடு ஒண்டு இருக்காம். நெல்லு தட்டினா நிண்டு மணி அடிக்கும். அது போதும்."

அவ்வளவு நான் அந்த மில்லில் ஒரே மூச்சில் கதைத்ததில்லை. ஹாஜியார் இஞ்சினியரைப் பார்த்தார். இஞ்சினியர் "நானா சொல்றது சரி" என்றார்.

மறுநாள் பகல் பொஞ்சாதி சோற்றோடு மில்லுக்கு வந்தாள். திரையைப் பார்த்தாள். இஞ்சினியரைப் பார்த்தாள்.

"இது பழுதானா இவர் ஏறணுமா?"

"இல்ல தாத்தா" என்றார். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம். "நாலு விரலுக்குக் கீழ போனாலும் மணி அடிக்கும், பழுதானாலும் அடிக்கும். அடிச்சா கீழ நிண்டே தண்ணிக் குழாயத் திறக்கலாம். பழுதப் பாக்க நான் வருவன்."

"நீங்கதான் ஏறுவீங்களா?"

"நான்தான்."

அவள் யோசித்தாள். சோற்றுப் பார்சலைப் பிரித்து என் முன்னால் வைத்தாள்.

"அப்ப இங்கயே வேல செய்யுங்க" என்றாள்.