வயிற்றுக்கு நல்ல மோர்

ஓட்டலில் டயட் என்ற சொல்லை வாய்தவறியும் சொல்லக்கூடாது. சொன்னால் சப்பாத்தி வரும். எங்கள் பக்கம் நோயாளி என்றால் சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்திக்கு மாறினவர் என்று அர்த்தம். எனக்கோ கோதுமையே ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். இதை யாரிடம் சொன்னாலும், கோதுமை உடம்புக்கு நல்லதாச்சே என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

தம்பி கல்யாணம் மறையூரில், பெண் வீட்டார் ஊரில். வேலந்தாவளத்திலிருந்து முந்தின நாளே போய் ஓட்டலில் தங்கினோம். தாலி கட்டுவதற்கு முன்னால் எங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் கூறைச்சேலையோடு அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவும் இல்லை. அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும், அதற்குச் சீர் முடியும்வரை வயிறு ஒழுங்காக இருக்க வேண்டும். வேறு எந்தக் கவலையும் எனக்கு இல்லை.

கரண்ட் குக்கரும் அரிசியும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அறையில் சமைக்கக்கூடாது என்று வரவேற்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரி, தொலையட்டும் என்று சாப்பிடும் இடத்துக்குப் போனேன். பரிமாறுகிறவரிடம் கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது, டயட் என்று விளக்கினேன். கடைசிச் சொல் மட்டும் அவர் காதில் விழுந்திருக்கிறது. சப்பாத்தியோடு வந்து நின்றார்.

"டயட்டுன்னு சொன்னீகளேக்கா, அதான் எண்ணெ தொடாமச் சுடச் சொன்னேன்."

தோசை கேட்கலாமென்றால் பரோட்டா போடுகிற அதே கல். சாம்பாரிலும் ரசத்திலும் பெருங்காயம். கடையில் விற்கிற பெருங்காயத்தூளில் மைதா கலந்திருக்கும், டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பான். அதில்லாமல் ரசம் கிடைக்குமா என்று கேட்டதற்கு, "காயம் போடாம ரசமாக்கா?" என்று சிரித்தார். வெறும் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து தின்றேன். எதிரே பெரியப்பா பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "ஒரு வாயி தின்னா என்னாயிருமாம்?" என்றார். தட்டைத் தூக்கி வீசலாம் போல இருந்தது. கல்யாண வீட்டுக்காரியாயிற்றே, சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் சித்தி என் அறைக்கு ஒரு பெரிய டம்ளர் மோரோடு வந்தாள்.

"மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சு கண்ணு. ஓட்டல்காரனத் தொடவே உடுலே, நானே கலக்குனேன். தயிரும் உப்புந்தான். குடி."

அன்றைக்கு முழுதும் எனக்கென்று ஒருத்தர் செய்து கொண்டுவந்தது அது ஒன்றுதான். மடமடவென்று குடித்துவிட்டேன். வாசனை மூக்கில் ஏறியபோது டம்ளர் காலி.

"சித்தி, இதுல என்னங்க போட்டீங்க?"

"ஒண்ணும் போடுலியே. பசியில வவுறு காத்தாக் கெடக்குமேன்னு பெருங்காயம் துளி சேத்துனேன். அது மருந்துதான கண்ணு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஓட்டலில் ஒவ்வொரு பாத்திரமாகக் கேள்வி கேட்டவள் வீட்டு மனுஷியின் கையில் ஏமாந்தேன். மைதாவைப் பற்றிச் சொன்னேன். பெருங்காயத்தில் எங்காவது மைதா இருக்குமா என்று சித்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

விடியற்காலையில் பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். குடலைப் பிடித்து யாரோ முறுக்குகிற வலி. எழுந்தால் தலை சுற்றியது. மாலையோடு தம்பியே வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா, நேரந் தப்புதுன்னு சத்தம் போடறாங்க. செத்த நேரம் நிக்க முடியுமாக்கா?"

ஐந்து நிமிஷம் பொறு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வயிறு மறுபடியும் இழுத்தது.

"பெரியப்பா மகள நிக்கச் சொல்லு, சாமி," என்றேன்.

அவன் போனான். பிறகு மேளம் கேட்டது. அந்த மேளம் ஓய்கிறவரைக்கும் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சுவரைப் பிடித்து வெளியே வந்தபோது சித்தி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லவேளை கண்ணு," என்றாள். "நேத்து அந்த மோரக் குடிச்சதுனால இந்த மட்டோட போச்சு."